இரட்டை ஆட்சி

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பிரசாதமாகப் பாப்பிரெட்டிப்பட்டியில் என் அக்காள் மகனுக்குக் கிடைத்து, அவன் உத்தியோகம் தேடி ஓசூருக்குப் போன பின்பு, பிதுரார்ஜித முறைக்கு நேர் விரோதமாக இளையவனிடமிருந்து மூத்தவர்களாகிய எங்களுக்கு வந்துசேர்ந்த கணினியில், விண்டோஸ் என்றும் பாஸ் லினக்ஸ் என்றும் இரண்டு இயங்குதள ராஜாங்கங்கள் குடியிருந்தன. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கு வாய்த்த இரட்டை ஆட்சியில் இரு தரப்பாரும் ஒரே சமயத்தில் அதிகாரம் செலுத்தினார்கள். இங்கே ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் நித்திரை.

அணைத்து எழுப்புவதற்கு இரு தரப்பிலும் 'ஷட்டவுன்' என்பதே கட்டளை. எழுப்ப வேண்டுமானால் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் லினக்ஸில் சிறுகோடு, விண்டோஸில் சாய்கோடு. வடகலை தென்கலைக்கு நெற்றியில் இருக்கும் பேதம் இவற்றுக்குக் கோட்டில் இருக்கிறது! லினக்ஸ் மரியாதை தெரிந்தது. 'கூட்டல் ஐந்து' என்று தட்டினால், ஐந்து நிமிஷத்தில் ஆட்சி கலைகிறது என்று உள்ளே இருப்போர் அனைவருக்கும் தண்டோராப் போட்டு, வேளை வந்ததும் ஒவ்வொரு நிரலையும் 'முடித்துக்கொள்ளுங்கள்' என்று வேண்டி, அதற்கும் அசையாத பிடிவாதக்காரர்களை மட்டும் கழுத்தைப் பிடித்து வெளியேற்றிய பிறகே விளக்கை அணைக்கும். இடையில் மனம் மாறினால் 'சி' போட்டு ரத்து செய்யலாம். மந்திரிசபைகளுக்கு இந்தச் சௌகரியம் இல்லை.

தொல்லை, மறுபடி எழும்போதுதான். வாசலில் நிற்கும் 'கிரப்' என்னும் துவாரபாலகர் இரு பெயர்களையும் காட்டிச் சில விநாடி காத்திருந்து, யாரும் வாய் திறக்காவிட்டால் முதற் பெயருக்கே பட்டம் கட்டிவிடுவார். அக்காள் கணவரோ மறுதொடக்கக் கட்டளையைத் தட்டிவிட்டு, பொம்மிடி பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கத் தெருவுக்குப் போகிறவர். திரும்பி வந்து பார்த்தால் பாஸ் லினக்ஸ் கொலுவிருக்கும்.

"என்ன மாப்ளே, கோபாலபுரம் மில்லுக்குக் கரும்பு வெட்டுன கணக்கு எங்க போச்சு?"

"எங்கயும் போகல மாமா, விண்டோஸ்லதான் இருக்கு."

இதற்கு மருந்து 'கிரப்-ரீபூட்' என்னும் கட்டளை. அடுத்த ஒரு முறைக்கு மட்டும் வாரிசு யாரென்று, பட்டியலில் உள்ள வரிசை எண்ணால் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அந்த எண்ணிக்கை சைபரிலிருந்து ஆரம்பம். இரண்டாம் வரியில் விண்டோஸ் இருந்தால் ஒன்று என்று தட்ட வேண்டும். கிரப்பின் அமைப்புக் கோப்பில் இயல்புத் தேர்வு 'சேவ்டு' என்று இருந்து, 'அப்டேட்-கிரப்' ஒருமுறை ஓடியிருந்தால்தான் இந்தச் சிபாரிசு செல்லும்.

விண்டோஸ் பக்கத்திலிருந்து கிரப்புக்கு இப்படிச் சொல்லியனுப்ப வழியில்லை. ஆகவே அங்கிருந்து கிளம்பி விண்டோஸுக்கே திரும்ப வேண்டியவர்கள், பட்டியல் வரும்வரை பஸ்ஸைப் பற்றிய விசாரத்தை ஒத்திவைத்து, கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.