எப்ப அடிக்குதுன்னு சொல்லு, மாப்ள

வா மாப்ள, உக்காரு. அம்பாசடர் வாங்கியாச்சு. கண்ணாடியில குலதெய்வம் பேரு எழுதியாச்சு. கூலிங்கிளாஸ் மாட்டி, பானெட்டுல சாஞ்சு போட்டோவும் எடுத்தாச்சு. இப்ப வந்து 'மாமா, எஞ்சின் அடிக்குது'ன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்கிற. நீ வைக்கிற பாட்டுச் சத்தத்தையும் மீறி எஞ்சின் சத்தம் கேட்டிருக்குன்னா, ஒண்ணு எஞ்சின் ரொம்பக் கெட்டிருக்கணும், இல்ல ஸ்பீக்கர் கெட்டிருக்கணும்.

பைபாஸ் மெக்கானிக்கு என்ன சொன்னாரு? 'முழு எஞ்சினும் இறக்கணும், போர் பண்ணணும், கிராங்க் கிரைண்டிங் போடணும்'னாரா? வண்டியை ஓட்டிப் பார்த்தாரா? இல்ல. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாரா? அதுவும் இல்ல. ஒன் கைக்கடியாரத்தைப் பார்த்தாரு, போனைப் பார்த்தாரு, தொகையைச் சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லாத. நீ போய் மொட்டையா 'அடிக்குது'ன்னு நின்னா, அவரு மொட்டை அடிக்கத்தான பார்ப்பாரு?

இனிமே எவன்கிட்டப் போனாலும் எஞ்சின் அடிக்குதுன்னு சொல்லாத. எப்ப அடிக்குதுன்னு சொல்லு. எங்க அடிக்குதுங்குறது அதுக்குள்ளயே இருக்கு.

காலையில மொத ஸ்டார்ட்டுல லொடலொடன்னு கேட்டு, சூடு ஏறுனதும் அடங்கிருதா? அது பிஸ்டன். தேஞ்ச சிலிண்டர் போருக்குள்ள எடம் கெடச்சு, அங்கிட்டும் இங்கிட்டும் சாயுது. சூட்டுல பிஸ்டன் விரிஞ்சதும் எடைவெளி கொறஞ்சு சத்தம் அமுங்கும். பொகை விடாம, ஆயில் குடிக்காம இருக்குற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இரு. எனக்குந்தான் காலையில எந்திரிக்கும்போது முட்டி ரெண்டும் சத்தம் போடுது. அதுக்காக என்னைய இறக்கிப் பிரிச்சா போட்டீக?

சூடோ ஆறலோ, நின்ன எடத்துல ஒரே சீரா டிக்டிக்குன்னு மேல இருந்து கேக்குதா? ஆக்சிலேட்டர் கொடுத்தா அதுவும் வேகம் எடுக்குதா? அது டாப்பெட். ஒன் வண்டியில இருக்குற பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு 15 தௌ எடைவெளி, எஞ்சின் ஆறுனப்பறம் வைக்கணும். தௌன்னா அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டா அதுல ஒண்ணு. ஃபீலர் கேஜ், ஸ்பானர், ஸ்குரூடிரைவர், அரை நாள் பொறுமை, அம்புட்டுத்தான். இதுல கடைசிச் சாமான் மட்டும் ஒன்கிட்ட இருக்கான்னு தெரியல. சத்தமே கேக்கக் கூடாதுன்னு நெருக்கி வச்சிராத. வால்வு சரியா மூடாம வெளிம்பு கருகிப்போகும். கேக்குற டாப்பெட்டுக்குப் பயப்படாத, கேக்காத டாப்பெட்டுக்குப் பயப்படு.

இப்ப ஒன் கதைக்கு வருவோம். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போதுதான அடிக்குது? வண்டி நெறைய ஆளு, டாப் கியரு, ஆக்சிலேட்டர் தரையில. கிணிகிணின்னு சில்லுச் சத்தம். காலை எடுத்தா நின்னுருது. சரியா? மாப்ள, இது நெசமான நாக்கிங். பிளக்கு பொறி வச்சதும் தீ ஒரு ஓரத்துல இருந்து ஒழுங்காப் பரவிப் போகணும். அது போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மறுகோடியில கெடக்குற கேஸு, சூடும் அழுத்தமும் தாங்காமத் தானா வெடிச்சிருது. அந்த அடி பிஸ்டன் தலையில விழுது. கவனிக்காம விட்டா பிஸ்டன்ல ஓட்டை விழும், ஹெட் கேஸ்கட் போகும்.

இதுக்கு மொத மருந்து காசில்லாதது. மூணாவது கியருக்கு வா. ஏத்தத்துல டாப் கியர்ல திணறத் திணற ஏத்துறது ஓட்டுற தெறமை இல்ல, எஞ்சினைக் கொல்ற தெறமை. அந்தக் கியர் ராடைப் போட்டோ எடுக்க மட்டும் வைக்கல.

இன்னொரு வேடிக்கை கேளு. பெருமாள்மலை கிட்டப் போனா சத்தம் தானாக் கொறஞ்சிரும். ஒடனே 'மலைக்காத்து பட்டு வண்டி சரியாயிருச்சு'ன்னு ஸ்டேட்டஸ் போட்டிராத. மேல காத்து மெலிசு, சிலிண்டருக்குள்ள அழுத்தமும் கொறச்சல், அதனால அடிக்கிறதும் கொறச்சல். திண்டுக்கல் வெயிலுக்கு இறங்கி ஒரு பாலம் ஏறிப் பாரு, கூடவே வந்திருக்கும்.

கியர் மாத்தியும் கேட்டா, மலிவான வேலையில இருந்து ஆரம்பி. ரேடியேட்டர்ல தண்ணி இருக்கா, ஃபேன் பெல்ட் தொளதொளன்னு கெடக்கா பாரு. எஞ்சின் கொதிச்சா நாக்கிங் வராம என்ன வரும்? அப்பறம் பிளக்கைக் கழட்டி மூக்கைப் பாரு. எளங்காப்பி நெறத்துல இருந்தா நல்ல புள்ள. வெள்ளை வெளேர்னு இருந்தா சூடு அதிகம், இல்லாட்டி பெட்ரோல் பத்தாம காத்து மட்டும் கூடுதலாப் போகுது. கார்புரேட்டர் ஜெட்டுல அடைப்பு இருக்கும், இல்ல மேனிஃபோல்டு கேஸ்கட் வழியா காத்துத் திருட்டுத்தனமா நொழையும்.

அடுத்தது டைமிங், அதாவது பிளக்கு பொறி வைக்கிற நேரம். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருக்குற பாயிண்ட் எடைவெளியைச் சரி பண்ணு. அது கூடிப்போனாலே டைமிங் முன்னால ஓடிரும். அப்பறம் கிளாம்பை எளக்கி, ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பு. டைமிங் பின்னால போகும். அதே ஏத்தத்துல, அதே ஆளுகளோட ஏறிப் பாரு. சத்தம் அடங்குன எடத்துல நிறுத்திக்க. சந்தோசத்துல இன்னும் திருப்புனேன்னா வண்டி சூடாகும், இழுக்காது, அப்பறம் இருக்குறவுகளை இறக்கித் தள்ளச் சொல்லணும்.

சாவியை எடுத்த பின்னாடியும் எஞ்சின் நிக்காமக் குலுங்குதா? அப்ப ஹெட்டுக்குள்ள கரி ஏறியிருக்கு, அது கனிஞ்சுக்கிட்டே கெடந்து பிளக்கு வேலையையும் சேத்துப் பார்க்குது. ஹெட்டை மட்டும் இறக்கி, கரியைச் சொரண்டிட்டு, புதுக் கேஸ்கட் போட்டாப் போதும். கிராங்க்ல எவனும் கை வைக்க வேண்டாம்.

நீ என்னமோ 100 ஆக்டேன் பெட்ரோல் ஊத்துறியாமே? பெரிய மனசு மாப்ள ஒனக்கு. அந்த எஞ்சின் கம்ப்ரெஷன் கொறச்சலா, மட்டமான பெட்ரோலைக் குடிச்சே வளந்தது. அதுல நாக்கிங் வந்தா டைமிங்கையும் கரியையும் கேளு, பெட்ரோல் பங்க்கைக் கேக்காத. இந்தச் சத்தத்தை நிறுத்த 1921-ல அமெரிக்காக்காரர் தாமஸ் மிட்ஜ்லி ஈயம் கலந்த மருந்து ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு. பெட்ரோல்ல அதைக் கலந்தா எஞ்சின் சத்தம் அடங்குச்சு, ஒலகம் பூராவும் மூச்சுல ஈயம் ஏறுச்சு. நம்ம நாட்டுல 2000-த்துல அதை ஒழிச்சுக் கட்டுனாக. இப்ப நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருது. எத்தனாலுக்கு ஆக்டேன் கூடுதல்தான், ஆனா பழைய கார்புரேட்டருக்கு அதனால காத்துப் பங்கு கூடிப்போகும், பழைய ரப்பர் ஹோஸையும் தின்னுரும். ஹோஸை மாத்து, ஜெட்டைப் பாரு, 100 ஆக்டேன் காசுல அத்தைக்கு ஒரு சேலை எடு.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் வெளாட்டு கெடையாது. சூடான எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணிட்டுக் காலை எடுக்கும்போது, அடியில இருந்து டொக்கு டொக்குன்னு கனமாக் கேக்குதா? ஆயில் பிரஷரும் இறங்குதா? அது கனெக்டிங் ராடு பேரிங். வண்டி நின்ன எடத்துல மெதுவா ஓடட்டும். ரப்பர் பிடி போட்ட குறடால பிளக் ஒயரை ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. எதை எடுத்தா சத்தம் கொறையுதோ, நோயாளி அந்தச் சிலிண்டர். வெறுங்கையில தொட்டா நீயும் ஒரு சத்தம் போடுவ. அப்பறம் வண்டியை ஓட்டாத, கயிறு கட்டி இழுத்துட்டுப் போ. சீக்கிரம் பிடிச்சா பேரிங்கோட முடியும். 'ஊரு வரைக்கும் போயிருவோம்'னு ஓட்டுனா கிராங்க் கீறிரும், பைபாஸ்காரரு சொன்ன தொகை அப்பத்தான் நியாயமாத் தெரியும்.

கெட்டி ஆயிலை ஊத்தி அந்தச் சத்தத்தை அமுக்குறவுகளும் இருக்காக. கொஞ்ச நாளைக்கு அடங்கும், விக்கிறதுக்கு அது போதும். ஆமா, நீ வாங்குறப்ப எஞ்சின் பூனை நடக்குற சத்தங்கூடப் போடலைன்னு சொன்னேல்ல? போய் அந்த ஆயில் குச்சியை உருவிக்கிட்டு வா. தேனு கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா, ஒனக்கு வண்டியை வித்த ஆளு என்னையவிடப் பெரிய கெழவன்.