கறிவேப்பிலை நட்பு

லண்டனில் நடக்கும் பிரிட்டிஷ்-அரபு நட்புறவு விருந்துக்கெல்லாம் பந்தி வரிசை ஒன்றுதான். முதலில் ஊத் இசை, அடுத்து ஆட்டுக்கறி, அதற்கடுத்து அல்ஜீப்ரா. ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் எழுந்து, பாக்தாத் உலகுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கதையைக் கண் கலங்கச் சொல்வார். பக்கத்து மேசையில் போர்விமானக் கம்பெனிக்காரர் மென்றபடியே தலையாட்டுவார். அவருக்கும் அல்ஜீப்ரா பிடிக்கும். பில் தொகை சரியாக வந்தால் போதும். பண்பாடு இங்கே கறிவேப்பிலை. மணம் இறங்கியதும் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும்.

இந்த உறவுக்கு ஒரு பள்ளிக்கூடமே இருந்தது. 1944இல் ஜெருசலேமில் தொடங்கி, 1947இல் லெபனானின் ஷெம்லான் என்ற மலைக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் அரபுப் பள்ளி. தூதரக அதிகாரிகளும் எண்ணெய்க் கம்பெனி ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து அரபு வினைச்சொற்களை உருப்போட்டார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு ‘உளவாளிப் பள்ளிக்கூடம்’ என்று பெயர் வைத்தார்கள். இலக்கணம் படிக்க வந்தவர்களைப் பார்த்து இப்படியா சொல்வது! 1961இல் ஜார்ஜ் பிளேக் என்ற மாணவரை லண்டனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சம்பளம் வாங்கியது பிரிட்டிஷ் உளவுத் துறையில், வேலை பார்த்தது சோவியத்துக்கு. 42 ஆண்டு சிறை. ஊரார் ஓர் உளவாளி என்றுதான் சந்தேகப்பட்டார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

பிற்பாடு கல்வி எதிர்த்திசையில் பாய்ந்தது. லிபியாவை ஆண்ட கடாஃபியின் மகன் சைஃப், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 2008இல் முனைவர் ஆனார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? உலக நிர்வாக அமைப்புகளை ஜனநாயகமாக்குவதில் குடிமைச் சமூகத்தின் பங்கு! மறு ஆண்டே அவர் தலைமை தாங்கிய அறக்கட்டளை, பல்கலைக்கழகத்துக்கு 15 லட்சம் பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டது. 2011 பிப்ரவரியில் லிபியா கொதித்தெழுந்தது. முனைவர் தொலைக்காட்சியில் தோன்றி, விரலை ஆட்டி ஆட்டி, இரத்த ஆறு ஓடும் என்றார். அதுவரை அயர்ந்து தூங்கிய மனசாட்சி அப்போதுதான் எழுந்து முகம் கழுவியது. மார்ச்சில் பல்கலைக்கழக இயக்குநர் பதவி விலகினார். அதற்குள் 3 லட்சம் பவுண்டு வந்து சேர்ந்திருந்தது.

நேர்மையாக உழைத்தவர்களும் உண்டு. வயிறு எரிவது அவர்களை நினைத்துத்தான். 1978இல் லண்டன் வெஸ்ட்போர்ன் குரோவில் திறந்த அல் சாகி புத்தகக் கடைக்கு, சொந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட அரபு நூல்களைத் தேடி, கோடை விடுமுறையில் அரபு வாசகர்கள் வருவார்கள். நட்புறவு மன்றங்கள் ஆயிரம் சேர்ந்து செய்ய முடியாததை அந்த அலமாரிகள் செய்தன. 2022 முடியும்போது கடையை மூடினார்கள். அரபுப் புத்தகங்களின் விலையும் அனுப்பும் செலவும் ஏறிவிட்டன, கட்டுப்படியாகவில்லை.

குண்டுக்கு மட்டும் எப்படியோ கட்டுப்படியாகிவிடுகிறது. 1985இல் சவூதியுடன் தொடங்கிய அல் யமாமா ஆயுத பேரத்தில் லஞ்சம் புதைந்திருக்கிறதா என்று தோண்டியவர்களிடமிருந்து 2006 டிசம்பரில் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தேசப் பாதுகாப்பாம். ஏமனில் விழுந்த குண்டுகள் போர்ச் சட்டத்தை மீறினவா என்று யோசிக்காமல் சவூதிக்கு ஆயுத உரிமம் கொடுத்தது சட்டப்படி தவறு என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு ஓராண்டு யோசித்தது. சட்டமீறல் இருந்தாலும் அவை தனித்தனிச் சம்பவங்கள்தான் என்று கண்டுபிடித்து, 2020 ஜூலையில் கடையைத் திறந்துவிட்டது. புத்தகக் கடைக்கு இப்படி ஓர் அமைச்சர் வாய்க்கவில்லையே!

பிறகு வானொலி. பிபிசி ஆண்டுக்கு 2 கோடியே 85 லட்சம் பவுண்டு மிச்சம் பிடிக்கப் பத்து மொழிகளின் வானொலியை நிறுத்த முடிவு செய்தது. அந்தப் பந்தியில் தமிழுக்கும் இலை எடுத்தார்கள் என்பது நம் பாடு. 85 ஆண்டு ‘ஹுனா லண்டன்’ (இது லண்டன்) என்று கூப்பிட்ட அரபுக் குரல் 2023 ஜனவரி 27 அன்று அடங்கியது.

அந்தக் குரல் முதன்முதலில் ஒலித்தது 1938 ஜனவரி 3. பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தின் ஆணைப்படி ஓர் அரபியைத் தூக்கிலிட்ட செய்தி முதல் நாள் அறிக்கையிலேயே இருந்தது. வெளியுறவுத் துறைக்குக் கோபம் வந்தது. தூக்கில் போட்டதற்காக அல்ல, அதை வாசித்ததற்காக.