அறைக்குள் வந்த வெள்ளைக் குதிரை

19.1.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு வேறு வேலையே இல்லையா? வீடியோவில் என் முகத்தைப் பார்க்கச் சொன்னால், எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பெரிசாக்கிப் பார்த்து, அதைப் போனிலேயே மொழிபெயர்த்து, "மனநல ஆலோசனை, வியாழக்கிழமை 2 மணி" என்று கண்டுபிடித்து, அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாளில் எட்டு போன். "சோறு இறங்குதாடா?" என்கிறாள் அம்மா. சித்தப்பா மந்திரித்த கயிறு கூரியரில் அனுப்புகிறாராம். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு எதைப் படிப்பது, எதை விடுவது என்று நடுநடுவே சொல்கிறேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரு ஜன்னலால் வந்த வினை.

இந்த ஜெர்மன் நாட்டு ஜன்னலுக்கு ஒரே கைப்பிடி. கீழே பார்த்தால் மூடியிருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி உள்பக்கமாகத் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பகுதி மட்டும் உள்ளே சாய்ந்து, பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் மாதிரி நிற்கும். வந்த மூன்றாம் நாள், திறந்து கிடந்த ஜன்னலின் கைப்பிடியை நான் மேலே திருப்பிவிட்டேன். மொத்தக் கண்ணாடியும் ஒரு கீலில் தொங்கிக்கொண்டு என் மேல் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "யாராவது வாங்களேன்" என்று தமிழிலேயே கத்தினேன். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து அறை வியட்நாம் பையன் வந்தான். மேல் மூலையைச் சட்டத்தோடு அழுத்தினான், கைப்பிடியை ஒரு திருப்பு, கண்ணாடி நல்ல பிள்ளையாக எழுந்து நின்றது. அது அவ்வளவு சுலபமாக விழாதாம். அப்படிச் சாய்வது எல்லா வீட்டிலும் நடப்பதாம். விழாத ஜன்னலைக் கால் மணி நேரம் தாங்கிப் பிடித்தவன் உன் தம்பி.

திறக்கத் தெரிந்தால் போதாது, எப்போது திறப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. விடுதியில் சேர்ந்த அன்று கொடுத்த தாள்களில் ஒரு முழுப் பக்கம் இதற்குத்தான். நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஐந்து நிமிடமாவது ஜன்னலை அகலத் திறக்க வேண்டும். சாய்த்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. இதன் பெயர் 'ஷ்டோஸ்லூஃப்டன்'. எதிரெதிர் ஜன்னல்களை ஒருசேரத் திறந்தால் 'க்வேர்லூஃப்டன்'. நம் வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். அந்தக் காற்றுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று தாத்தாவுக்குத் தோன்றவே இல்லை.

காலை எட்டு மணிக்கு எதிர்க் கட்டடம் முழுக்க ஜன்னல்கள் திறக்கும். வெளியே மைனஸ் 4. ராத்திரியெல்லாம் காசு கொடுத்துச் சேர்த்த சூட்டை ஆளாளுக்கு வெளியே விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் ஜாக்கெட், குல்லா, அம்மா கொடுத்த மப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு, என் அறைக்குள்ளேயே நான் முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நிற்கிறேன்.

இப்போதுதான் நிற்கிறேன். டிசம்பர் முழுக்க நிற்கவில்லை. மார்கழிப் பனியில் ஜன்னலைத் திறக்க விடுகிற வீட்டிலா நாம் வளர்ந்தோம்? துணி உள்ளேயே காய்ந்தது. சோற்று ஆவி, இட்லி ஆவி எல்லாம் உள்ளேயே சுற்றியது. அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்ததை நான் பார்க்கவில்லை. ஜனவரி முதல் வாரம் ஹீட்டரைப் பார்க்க வந்த விடுதி ஆள் பார்த்துவிட்டார். ரைஸ் குக்கரைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். பின்னாலேயே கடிதம். இங்கே எதற்கும் கடிதம்தான். டி.வி.யே இல்லாதவனுக்கும், ஒலிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டு என்று கடிதம் வரும்.

உங்கள் அறையில் 'ஷிம்மல்' காணப்பட்டது, உடனே நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதியிருந்தது. சித்தப்பா பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்த ஜெர்மன் அகராதியைத் திறந்தேன். போன் இருக்கும்போது அகராதி எதற்கு என்று கேட்காதே. அதற்காக நான்கு சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஒரு தடவையாவது திறக்க வேண்டாமா? முதல் பொருள்: வெள்ளைக் குதிரை. எனக்கு நம் அய்யனார் கோயில் வாசலில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குதிரைதான் ஞாபகம் வந்தது. அது எப்படி லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்கு வந்தது?

கேட்க ஓர் இடம் வேண்டுமே. நான் இளங்கலை படித்த கல்லூரியில் மாணவர் நலன் என்றால் ஒரு கவுண்ட்டர். போனஃபைடு சர்டிஃபிகேட்டுக்கும் அதுதான், பஸ் பாஸுக்கும் அதுதான், அதுவும் பாதி நேரம் மூடியிருக்கும். இங்கே ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு கதவு. மென்சா என்கிற சாப்பாட்டுக்கூடம், விடுதி, படிக்கிற அம்மாக்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம், சட்ட ஆலோசனை, பண ஆலோசனை என்று எல்லாவற்றையும் மாணவர் சேவைக்கென்றே உள்ள ஓர் அமைப்பு நடத்துகிறது. நாம் செமஸ்டருக்குக் கட்டும் தொகையில் அதற்கும் ஒரு பங்கு போகிறது. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற படிப்புப் பணத்தில் பாதி இனாம், மீதி வட்டியில்லாக் கடன். நமக்கு அப்படி இல்லை. அப்பா பத்திரத்தை வைத்துப் புரட்டிய 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. அதில் மாதம் 992 எனக்கு விடுகிறார்கள். என் வீட்டுப் பணத்தை எனக்கே சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதவுகளில் எல்லாம் 'பெராட்டுங்' என்று போட்டிருக்கும். ஆலோசனை என்று பொருள். எனக்குத் தெரிந்தது அந்தப் பாதிதான். அதற்கு முன்னால் இருந்த நீளமான சொல்லைப் படிக்காமல் தட்டிவிட்டு உள்ளே போனேன். அம்மா வயசில் ஒரு பெண்மணி. மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பெட்டி டிஷ்யூ. விடுதி ஆபீஸில் எதற்கு டிஷ்யூ என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்றார், நல்ல ஆங்கிலத்தில்.

"என் அறையில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறதாம்."

அந்த அம்மாளுக்கு முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "எப்போதிலிருந்து?"

"டிசம்பரிலிருந்து இருக்கும். நான் கவனிக்கவில்லை. பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகிறது."

"உங்களிடம் ஏதாவது பேசுகிறதா?"

"இல்லை, கடிதம்தான் போட்டார்கள்."

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்காக வைத்திருந்த டிஷ்யூவில் இரண்டு அவருக்கே செலவானது. ஷிம்மல் என்றால் வெள்ளைக் குதிரை, ஷிம்மல் என்றால் பூஞ்சக்காளான். இரண்டுக்கும் ஒரே சொல். என் குதிரைக்கான கதவு கீழ்த்தளத்தில் இருக்கிறதாம்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தேன். "குதிரை கிடக்கட்டும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே. அக்டோபரில் வந்தேன், அன்றுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நீங்கள் 'சாப்பிட்டாயா' என்று கேட்பீர்கள், நான் 'சாப்பிட்டேன்' என்பேன், அத்தோடு முடிந்தது. இவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பொங்கல். ஆவி சுவரில் படியும் என்று பயந்து, பாலைப் பொங்கவே விடாமல் அடுப்பைக் குறைத்துக் குறைத்து வைத்தேன். யாரும் இல்லாத அறையில் 'பொங்கலோ பொங்கல்' என்று மெதுவாகச் சொன்னேன். இதை அவருக்கு விளக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. கட்டணம் கிடையாது. பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகாதாம். அத்தான் என்று ஓர் உறவு இருப்பது அவருக்குத் தெரியாது.

பொறையாறு என்றேன், புரியவில்லை. தரங்கம்பாடிப் பக்கம் என்று சொல்லி, 'ட்ராங்கேபார்' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஹாலே ஊர்க்காரர்! போய்ப் பாருங்கள் என்றார். நேற்று ரயிலேறிப் போய்விட்டேன்.

தரங்கம்பாடிக்கு வந்த நம் பாதிரியார் சீகன்பால்கு ஐயர் படித்தது அந்த ஊரில்தான். பிராங்கே என்ற பேராசிரியர் 1698-இல் கட்டத் தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு தெரு நீளத்துக்கு இன்னும் நிற்கின்றன. ஏழை மாணவர்கள் அந்தப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். மென்சாவுக்கு எல்லாம் பாட்டன் அது. அங்கே வார்த்த தமிழ் அச்செழுத்துகள்தான் கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்தன. நம் பக்கத்து ஓலைச்சுவடிகள் அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது வயது கிட்டத்தட்ட 24, எனக்கு இப்போது நடக்கிற வயது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகினார். டேனிஷ் அதிகாரி அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். எனக்கு ஜன்னலுக்காக ஒரு கடிதம், அதற்கே டிஷ்யூ தேவைப்படுகிறது. அவர் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? புது எருசலேம் கோயிலுக்குள் இருக்கிற அவர் கல்லறைப் பக்கம் அடுத்த தடவை போனால், உங்கள் ஊரைப் பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னதாகச் சொல்.

மற்றபடி சௌக்கியம். பத்து மணி வகுப்பு என்றால் இங்கே பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், அது ஒரு பழைய மரபு. முதல் வாரம் காலி ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேஜையைத் தட்டுவார்கள். கைதட்டுக்குப் பதில் அது. நான் கலாட்டா என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டேன். அப்பாவிடம் கட்டாயம் சொல்: ஆய்வுக்கூட அறிக்கைக்கு நான் வாங்கிய 1.7 நல்ல மார்க். இங்கே 1 தான் முதல், 5 வாங்கினால் ஃபெயில். இரண்டு நாளாக அவர் பேசாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

சுவரை மருந்து வைத்துத் துடைத்துவிட்டார்கள். அம்மா கேட்டால் குதிரை போய்விட்டது என்று சொல். வரும் வியாழக்கிழமை மறுபடி எங்கே போகிறான் என்று அத்தான் கேட்டால், ஜன்னல் விஷயமாக என்று சொல்லிவிடு.

உன் தம்பி