22-ஆம் போர்ட் திறவாமை: ஒரு வடபுல ஆய்வு

உட்லண்ட்ஸ் காப்பிக் கடைகளில், தே தாரிக் ஆறுவதற்குள் கிட் புஷ் செய்துவிடலாம் என்று நம்பி மடிக்கணினியைத் திறப்போரை வாட்டும் பிணி ஒன்று உண்டு. அதை முறையாக வகைப்படுத்தும் பொருட்டு எழுந்தது இவ்வாய்வு.

கிட் புஷ் செல்லும் வழிகளுள் ஒன்று எஸ்எஸ்எச்; அதன் வாசல் 22-ஆம் போர்ட். முதலில் அதன் பிறப்பு வரலாறு. 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாகக் கிடந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொது வைஃபை நடத்துவோரில் சிலர் இணையப் பக்கங்களுக்கான 80, 443 இரண்டைத் திறந்துவைத்து மற்றவற்றை மூடிவிடுகிறார்கள். 22 வெளியே நிற்கிறது.

அறிகுறி இருவகைப்படும். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார்கள். அதில் ஒரு நிம்மதி உண்டு. 'டைம்ட் அவுட்' கொடியது. தீச்சுவர் பொட்டலங்களை விழுங்கிவிட்டு வாய் திறக்காது. கர்சர் மினுக்கும், தே தாரிக்கில் ஆடை படியும். அகத்திணை வல்லார் இதை ஊடல் என்பர். யாம் உடன்படோம்: ஊடலில் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதாவது தெரியும்.

தீர்வில் மூன்று மரபுகள். "போன் ஹாட்ஸ்பாட் போடுங்கண்ணே, முடிஞ்சுது" என்பது முதல் மரபு. பலன் தரும், ஆய்வுக்கு ஏதும் தராது. இரண்டாவது, ரிமோட் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுவது. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் இவ்வழியில் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் கேட்கிறது. அதை எங்கே சேமித்தோம் என்று தேடுவது தனித் துறை.

மூன்றாவது யாம் சார்ந்த மரபு. எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் என்ற முகவரி 443-இலேயே எஸ்எஸ்எச் பேசும்; கிட்லேபிலும் பிட்பக்கெட்டிலும் இதே ஏற்பாடு 'ஆல்ட்எஸ்எஸ்எச்' என்ற பெயரில் உண்டு. கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட்நேமையும் போர்ட்டையும் மாற்றி எழுதினால் போதும், ரிமோட்டைத் தொட வேண்டாம். வெள்ளி மாலை காஸ்வே பிதுங்கும்போது, 1998-இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியே ஜொகூர் போவதில்லையா, அதுதான்.

மறுப்புரையும் உண்டு. எஸ்எஸ்எச் உரையாடலின் முதல் வரி, தன் பெயரையும் பதிப்பெண்ணையும் சொல்லிக்கொண்டு மறைப்பின்றியே போகிறது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் தீச்சுவரிடம் 443 வேடம் செல்லாது. அலுவலக நெட்வொர்க் என்றால் ஐடி பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுவதே முறை. பதில் வரும் கால அளவு இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

புதிய வழியில் முதன்முறை நுழையும்போது சர்வரின் கைரேகையைக் காட்டி, இது சரிதானா என்று கேட்கும். கிட்ஹப் வெளியிட்டுள்ள கைரேகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 'யெஸ்' அடித்தவர் எவரேனும் உளரா என உட்லண்ட்ஸ், மார்சிலிங், அட்மிரல்ட்டி வட்டாரங்களில் தேடி வருகிறோம். கள ஆய்வு தொடர்கிறது.