கரண்ட் இருக்கும்போதே தேடி வை

2012-ஆம் ஆண்டு கோவைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் வரும், அடுத்த ஒரு மணி நேரம் போகும். சில நாள் அந்தக் கணக்கும் தப்பிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாத பட்டறைகள் ஷட்டரை இறக்கின. அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். புதிதில் மூன்று மணி நேரம் தாங்கிய அதன் பேட்டரி, அந்த வருஷம் ஒரு மணி நேரத்தை எட்டவே திணறியது. கரண்ட் இல்லாத நேரமும் பேட்டரியின் ஆயுளும் ஏறக்குறைய சமமாகிவிட்ட நிலையில், ஐந்து நிமிடம் மிச்சமானால் அது ஒரு பக்கத்துக்கான திருத்தம்.

அந்த நாட்களில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வாக்கியத்தை யோசிப்பதற்காகக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தால் போதும், சற்று நேரத்தில் ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சர்ச் இண்டெக்ஸர் என்ற பெயர் மேலே வந்து நிற்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடன் கூடவே வருவது அது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று குறித்துவைக்கும். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல. பிறகு நாம் ஒரு சொல்லைத் தேடும்போது டிஸ்க் முழுவதையும் துழாவ வேண்டாம், அடைவைப் பார்த்தாலே போதும். நாம் வேலையில் இருக்கும்போது ஒதுங்கிக்கொள்ளும். சும்மா இருக்கிறோம் என்று பட்டால் தன் வேலையைத் தொடரும்.

ஆனால் எழுதுகிறவர்களும் திருத்துகிறவர்களும் சும்மா இருப்பதுபோல் தெரியும் நேரம்தான் அவர்களுடைய வேலை நேரம். அந்த இடைவெளியில் ஓய வேண்டிய தட்டு சுழன்றுகொண்டே இருந்தது, அடங்க வேண்டிய ப்ராசஸர் விழித்தே இருந்தது. இரண்டுக்கும் தீனி பேட்டரியிலிருந்துதான். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து விண்டோஸ் சர்ச்சை நிறுத்திவிடு என்பதுதான் அன்று நண்பர்களுக்குள் கைமாறிய யோசனை. நானும் நிறுத்தினேன். இன்றைக்கு யோசித்தாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன். கோப்புகள் சில நூறுதான் இருந்தன. பத்திரிகைப் பெயர், மாதம், எழுதியவர் பெயர் என்று ஒழுங்காகப் பெயரிட்டிருந்ததால், எது எங்கே என்று மனதுக்கே தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வேலை செய்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். என் கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. திரையில் நாம் பார்ப்பது தமிழ். கோப்புக்குள் சேமிப்பாவதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். இண்டெக்ஸர் அந்த ஆங்கிலக் குப்பையைத்தான் சிரத்தையாக அட்டவணையிட்டது. ‘அம்மா’ என்று யூனிகோடில் தேடினால், நூறு கட்டுரைகளில் அம்மா இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைக்க வழியே இல்லாத தேடலுக்காக, கரண்ட் இல்லாத மதியத்தில் பேட்டரி கரைந்தது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டியே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. அச்சகங்களின் கணினிகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் பாமினியைக் கைவிடவில்லை.

இப்போதுள்ள லேப்டாப் நாள் முழுக்கத் தாங்குகிறது. சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. சத்தமே கிடையாது. ஆனால் கோப்புகள் பல மடங்கு பெருகிவிட்டன: ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.கள், வாட்ஸப்பில் வந்து இறங்கியவை, பழைய டிஸ்குகளிலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியவை. எது எங்கே இருக்கிறது என்று மனதுக்குத் தெரிந்த காலம் போயிற்று. இப்போது யாராவது வந்து இண்டெக்ஸிங்கை நிறுத்தட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்கிறேன். கிளாசிக் அவுட்லுக்கில் மின்னஞ்சல் தேடுவதுகூடப் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது.

அதிகம் செலவாவது முதல் முறை அட்டவணை போடும்போதுதான். அதன்பின் மாறிய கோப்புகளை மட்டும் பார்த்தால் போதும். எது மாறியது என்பதை விண்டோஸின் கோப்பு அமைப்பே குறித்துவைத்திருக்கும். ஆகவே பழைய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டினால், அன்றிரவு சார்ஜரைச் செருகி லேப்டாப்பைத் தூங்கவிடாமல் வைத்துவிட வேண்டும். புது யோசனை ஒன்றுமில்லை. யூனிக்ஸ் கணினிகளில் 1980களிலேயே கோப்புப் பெயர்ப் பட்டியலை ஆள் நடமாட்டமில்லாத இரவில் புதுப்பித்து, பகலில் அதில் தேடிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பகலெல்லாம் பின்னணியில் ஓடும் பழக்கம், 2005-இல் ஆப்பிளின் ஸ்பாட்லைட்டும் அதையடுத்து விஸ்டாவும் வந்தபோதுதான் பரவலானது.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, எதை அட்டவணையிட வேண்டும் என்று நாமே சொல்லிவிடுவது. விண்டோஸின் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் தேவையில்லாத ஃபோல்டர்களை நீக்கலாம்; ஸ்பாட்லைட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஒரு வகைக் கோப்புக்கு உள்ளடக்கம் வேண்டாம், பெயர் போன்ற விவரங்கள் போதும் என்றும் வைக்கலாம். விண்டோஸ் 11-இல், மின்சார அமைப்புக்குக் கட்டுப்பட்டு இண்டெக்ஸ் செய் என்று ஒரு தேர்வும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பேட்டரி சேமிப்பு முறையில் வேலை செய்கிறேன்.

பாமினிக் கோப்புகள் இருந்த ஃபோல்டரை முழுதாக வெளியே வைத்திருக்கிறேன். சார்ஜர் செருகியிருக்கும் நேரங்களில் அவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் சந்தியும் உடையாமல் வந்திருக்கிறதா என்று வாசித்துச் சரிபார்க்கிறேன். சரியாக இருப்பவை மட்டும் உள்ளே போகின்றன. 2012-இல் திருத்திய கட்டுரைகள் இப்போதுதான் தமிழில் தேடினால் கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. மொழிபெயர்ப்புக் கதைகள் மட்டும் இன்னும் மிச்சமிருக்கின்றன.