மிதக்கும் மஞ்சப்பை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயில்வே நடைமேம்பாலத்தில் கிழக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பாதிப் பாலத்தில் அண்ணன் மகள் நின்றிருந்தாள். இன்ஸ்டாகிராமில் பதினோராயிரம் பேருக்கு அவள் இன்ஃப்ளூயன்சர். வீட்டு நாய் அவள் கூப்பிட்டால் வராது என்பது வேறு விஷயம்.

தோழி போனைப் பிடிக்க, இவள் கம்பியில் சாய்ந்து முடியை ஒதுக்க, கீழே பீச் வண்டி கிளம்ப, பதினேழாவது போட்டோ. பின்னால் போய் நின்று, "என்னம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

"சித்தப்பா, ஃபிரேம்ல நிக்கறீங்க."

ராத்திரி படம் வந்தது. பாலம், மாலை வெயில், அவள். நான் இல்லை. விரலால் ஒரு தேய் தேய்த்தால் ஆளை எடுத்துவிடும் வசதி போனிலேயே இருக்கிறதாம். அவசரத்தில் என்னை எடுத்தவள் பையை விட்டுவிட்டாள். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு மஞ்சப்பை தரைக்கு ஒன்றரை அடி மேலே தன்னந்தனியாக மிதந்தது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். விதி, அதே வாரம் நெட்ஃபிளிக்ஸில் 'கன்ட்ரோல்' பார்த்தேன். 2024 அக்டோபரில் வந்த விக்கிரமாதித்ய மோட்வானேயின் இந்திப் படம். பெரும்பகுதி லேப்டாப், செல்போன் திரைக்குள்ளேயே நடக்கிறது. அனன்யா பாண்டேதான் நெல்லா என்கிற இன்ஃப்ளூயன்சர். காதலன் ஜோவோடு வீடியோ போட்டுப் பெயர் வாங்கியவள். அவன் இன்னொருத்தியோடு இருப்பதை லைவில் பார்த்துவிடுகிறாள். ஆத்திரத்தில் ஏஐ உதவியாளனிடம், பழைய படங்களிலிருந்து அவனை அழிக்கச் சொல்கிறாள். அதுவும் ஒவ்வொன்றாகத் துடைக்கிறது. கொஞ்ச நாளில் ஜோ நிஜமாகவே காணாமல் போகிறான்.

எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தேன். இருந்தேன்.

காலையில் சந்தேகம் வலுத்தது. கேம்ப் ரோட்டில் கை காட்டினேன். ஷேர் ஆட்டோ நிற்கவில்லை. டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று மூன்று தடவை சொன்ன டீ, எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. மின்சார ரயிலில் ஒருவர் ஏறக்குறைய என் மடியிலேயே உட்கார்ந்தார். இருபது வருஷமாக நடப்பதுதான். காரணம் இப்போதுதான் பிடிபட்டது.

போட்டோவிலிருந்து ஆளைத் தூக்குவது ஒன்றும் புதிதல்ல. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது. சுத்தமான வேலை, பை கிய் எதுவும் மிதக்கவில்லை. யெஷோவுக்கு முதலில் ஆள், பிறகு படம். ஜோவுக்கு முதலில் படம், பிறகு ஆள். நான் எந்த வரிசை என்பதுதான் என் கவலை.

இதற்குள் அண்ணன் மகள் போட்ட படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வழக்கமாக இருநூறு ஹார்ட் வாங்குகிறவளுக்கு ஒன்பதாயிரம். எல்லாம் பைக்கு. ஒரு புண்ணியவான், 2021 டிசம்பரில் நம்மூர் ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டத்தை ஞாபகம் வைத்து, "மீண்டும் மஞ்சப்பை; ஆள் மட்டும் மீளவில்லை" என்று எழுதியிருந்தார். அவள் முகத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

எனக்கு உயிர் வந்தது. "எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" என்றேன்.

"எதை வேணா போட்டுக்கங்க, எப்படியும் எடுத்துடுவேன். முருங்கைக்காய் மட்டும் நல்ல நீளமா பார்த்து வாங்குங்க."