அண்ணன் போட்ட முடிச்சு

அண்ணே, மீன் கவரில் நீங்கள் போட்ட முடிச்சைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. சனிக்கிழமை மாலை கொளத்தூரில் கட்டியது, திங்கள் மதியம் மதுரையில் என் கைக்கு வரும்வரை கட்டினபடியே இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்துத் தோற்று, கத்தரிக்கோலை எடுத்தேன். முடிச்சு வழியாக ஒரு சொட்டு வெளியேறவில்லை. பெட்டியின் அடி நனைந்திருந்தது, கோரி மீனின் முள் கவரைக் குத்திய இடத்தில்.

உங்கள் மனசு பெரிசு. 10 கப்பி, 2 கோரி. பிரித்துப் போட்டால் தனியாகத் தவிக்குமே என்று 12 உயிரையும் ஒரே கவரில் சேர்த்தீர்கள். வழியில் பசிக்கக் கூடாது என்று வயிறு நிறையப் புழு போட்டதாகப் போனில் சொன்னபோது உங்கள் குரலில் இருந்த வாஞ்சை இன்னும் காதில் நிற்கிறது. இரண்டு நாள் பட்டினி நல்ல மீனை ஒன்றும் செய்யாது. தின்றதுதான் கழிவாகி, அம்மோனியாவாகி, அந்தத் தண்ணீரையே அது செவுளில் வாங்க வேண்டி வந்தது.

தண்ணீரிலும் நீங்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. கழுத்துவரை ஊற்றி, மேலே 2 விரல் காற்று விட்டிருந்தீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனுமாகக் கட்டுகிறவர்கள் உங்கள் அளவு தாராளம் இல்லை. ஆனால் கட்டிய கவருக்குள் தண்ணீருக்கு மூச்சு வருவது மேலே நிற்கும் அந்தக் காற்றிலிருந்துதான், அண்ணே.

செலவு வைக்காத கையும் உங்களுடையது. மே மாத வெயிலுக்கு ஒற்றைக் கவர், வெறும் அட்டைப் பெட்டி. உள்ளே உயிர் இருக்கிறது என்று பெட்டிமேல் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. கூரியர்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைக்கட்டும் என்று சனிக்கிழமையே பார்த்து அனுப்பினீர்கள்.

நீலவால் கப்பி ஒன்று கவரின் மூலைக்குள் தலையைக் கொடுத்தபடி கிடந்தது. மூலையை மடித்து டேப் ஒட்டியிருந்தால் அங்கே போய்ச் செருகியிருக்காது. வால் மட்டும் விசிறி போல விரிந்தே இருந்தது. ஓரத்தில் ஒரு கிழிசல் இல்லை. அந்த வாலுக்காக நீங்கள் எத்தனை தலைமுறை பொறுக்கிச் சேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மீன் வளர்ப்பில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

இன்னொரு ஜோடி அனுப்புகிறேன் என்றீர்கள். அனுப்புங்கள். இரட்டைக் கவருக்கும், ஆக்சிஜனுக்கும், தெர்மாகோல் பெட்டிக்கும் காசு நான் தருகிறேன். ஒரு நாள் முழுக்க இரை போடாமல் வைத்திருந்து, திங்கட்கிழமை கட்டுங்கள். கோரியைத் தனிக் கவரில் போடுங்கள்.

வந்ததில் பிழைத்தது ஒரு கோரி மட்டும்தான். கோரி மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலும் மூச்சு வாங்கும். நீங்கள் விட்ட 2 விரல் காற்று அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.